நாரியை இழுத்துவிடும் கட்டில்

போன கிழமை இந்த இடத்தில் நான் இல்லை. கவனித்தீர்களா?

பத்திரிகை ஆசிரியர் என் கட்டத்தில் டைல்ஸ் விளம்பரம் ஒன்றைப் போட்டிருந்தார். 'பத்தி ஏன் வரவில்லை' என்று எத்தனை பேர் கேட்டார்கள் என்று ஆசையாக விசாரித்தேன். ஒருவர் கேட்டாராம். யார் அந்த நல்ல மனிதர்? டைல்ஸ் கடை முதலாளி. அடுத்த கிழமையும் அந்த இடம் காலியாக இருக்குமா என்று கேட்டாராம்.

சரி... உங்களோடு கோபித்துக்கொள்ளவும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். எனக்கு இப்போது அதுதான் முடியாது.

விசயம் இதுதான். திங்கட்கிழமை காலை ஏழரை மணி. குளிக்கப் போகிற நேரம். கையில் இருந்த சவர்க்காரப் பெட்டி கீழே விழுந்தது. குனிந்தேன். குனிந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நிமிர்ந்தது ஞாபகம் இல்லை — ஏனென்றால் நிமிரவே இல்லை. நாரியில், அதாவது முதுகு முடிந்து இடுப்பு தொடங்குகிற அந்த இடத்தில், ஏதோ ஒன்று 'சடக்' என்றது. அவ்வளவுதான். அப்படியே சரிந்து சீமெந்துத் தரையில் படுத்துவிட்டேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிழமைக்கு ஒரு நாள்தான் நான் எழுத்தாளன். மற்ற ஆறு நாளும் ஓட்டோவில் காஸ் சிலிண்டர் கொண்டுபோய்க் கொடுப்பவன். சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை வரைக்கும் யார் வீட்டில் எப்போது காஸ் முடியும் என்று வீட்டுக்காரருக்கு முன்னால் எனக்குத் தெரியும். ஓ.எல். பரீட்சையில் கணக்கு என்னைக் கைவிட்டது. நானும் கணக்கைக் கைவிட்டேன். இருவருக்கும் அதில் நிம்மதி.

தரையில் கிடந்தேன் என்றேன் அல்லவா? இருப்பது காஸ் கடைக்குப் பின்னால் ஒரு அறை. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெற்றுச் சிலிண்டர்கள். போன் மேசையில். மேசை எனக்கு நான்கு அடி தூரத்தில். நான்கு அடி என்பது எவ்வளவு தூரம் தெரியுமா? நாரி பிடித்துக் கிடக்கிறவனுக்கு அது கொழும்பு.

போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. மனதில் ஒரு சந்தோஷம். நம்மைத் தேடுகிறார்கள், ஆளைக் காணோமே என்று யோசிக்கிறார்கள்... யாராவது கதவைத் தட்டுவார்கள்.

யாரும் தட்டவில்லை. முன்னால் கடையும் அந்நேரம் பூட்டு. "ஆராவது இரிக்கீங்களா?" என்று இரண்டு தரம் கத்திப் பார்த்தேன். ஒரு பூனை வந்து ஜன்னலில் நின்று பார்த்தது. மூன்றாவது தரம் கத்தியதும் அதுவும் போய்விட்டது.

மூன்று மணி நேரம். கொஞ்சம் கொஞ்சமாகப் புரண்டு, கதவு நிலையைப் பிடித்து எழும்பிய பிறகு போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது அழைப்பு. ஒன்பதும் காஸ் கேட்டு. ஒரு அம்மா குரல்பதிவே போட்டிருந்தார். "தம்பி, சோறு பாதி வெந்த நிலையில இரிக்கி. நீ என்ன செய்றாய்?"

நானும் பாதி வெந்த நிலையில்தான் இருக்கிறேன் என்று பதில் போட நினைத்தேன். போடவில்லை. நல்ல வாடிக்கை.

தங்கச்சிக்குச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். இரண்டு தெரு தள்ளித்தான் அவளுடைய வீடு. காலமான எங்கள் உம்மாவின் வீடு. நம்முடைய ஊர்ப் பக்கம் வழக்கம் உங்களுக்குத் தெரியும் — வீடு பெண் பிள்ளைக்கு. ஆண் பிள்ளை கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போவான். தங்கச்சிக்குக் கலியாணமாகி நான்கு வருசம். நான் வெளியே வந்துவிட்டேன். போக வேண்டிய மனைவி வீடு இன்னும் அகப்படவில்லை. நடுவில் அகப்பட்டதுதான் இந்தக் காஸ் கடை அறை. அவளுடைய புருசன், என் மச்சான், கட்டாரில். கைக்குழந்தையோடு இருக்கிறவளைப் பயமுறுத்துவானேன் என்று விட்டுவிட்டேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று மதியம் லுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனேன். குனிந்து நிமிர ஏலாது. என்ன செய்வது? ஓரத்தில் வயதானவர்களுக்கென்று போட்டிருக்கும் கதிரைகளில் ஒன்றில் போய் உட்கார்ந்து தொழுதேன். சலாம் கொடுத்து முடித்தால், பக்கத்துக் கதிரை ஹனீபா காக்கா என்னை மேலும் கீழும் பார்க்கிறார். அந்தக் காலத்தில் லொறி ஓட்டியவர்.

"என்னடா காஸ், எங்கட சங்கத்துல சேந்துட்டாய் போல?"

"நாரி புடிச்சிட்டு காக்கா."

"ஒனக்கு எத்தின வயசு?"

"முப்பது."

"நான் அறுவத்தெட்டுலதான்டா இந்தக் கதிரைக்கு வந்த. நீ பாஞ்சி வந்திருக்காய்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கதிரையில தொழுறத பொண் ஊட்டுக்காரர் ஆரும் கண்டா... முடிஞ்சி. கெதியா ஒரு வைத்தியத்தப் பாரு."

வைத்தியமும் அவரே காட்டினார். போனில் ஒரு வீடியோ. பக்கத்து ஊரில் புதிதாகத் திறந்த ஒரு நிலையம். ஆபரேஷன் இல்லை, ஊசி இல்லை, மருந்து இல்லை. ஒரு கட்டில். மேலே ஒரு பெல்ட், கீழே ஒரு பெல்ட். மெஷின் மெதுவாக இழுக்கிறது, விடுகிறது, இழுக்கிறது, விடுகிறது. முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க்கில் அழுத்தம் குறையுமாம். வீடியோவின் தொடக்கத்தில் ஒரு மனிதர் வில் மாதிரி வளைந்து வருகிறார். முடிவில் துள்ளிக் குதித்துப் போகிறார். அவ்வளவு துள்ளல் நாரி நல்லாய் இருந்த காலத்திலும் என்னிடம் இருந்ததில்லை.

புதன்கிழமை போனேன். முதல் தடவை இலவசம்.

போனதும் ஒரு படிவம். பெயர், வயது, தொழில். பிறகு ஒரு கட்டம் — அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்ள வேண்டும்? பேனை அங்கே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் யோசித்து என்னுடைய நம்பரையே எழுதினேன். எனக்கு ஏதும் நடந்தால் முதலில் எனக்குத் தெரிய வேண்டும்தானே?

வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு இளைஞன் வந்தான். ரிஸ்வான் என்று நெஞ்சில் எழுதியிருந்தது.

"கூட ஆரு வந்த?"

"என்ட செருப்பு ரெண்டும்."

அவன் சிரிக்கவில்லை. "சாரனோட வந்திருக்கீங்களே காக்கா. இழுக்கக்குள்ள கழண்டுரும்."

"நாரி கழண்டுருமா?"

"சாரன்."

யாருடையதோ ஒரு ட்ரெக் சூட் கொடுத்தான். கட்டிலில் படுக்க வைத்தான். நெஞ்சுக்குக் கீழே ஒரு பெல்ட், இடுப்பைச் சுற்றி ஒரு பெல்ட். முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை. மெஷின் மெதுவாக இழுக்கத் தொடங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், பயந்துதான் இருந்தேன். ஆனால் நோகவில்லை. யாரோ இரண்டு பக்கமும் நின்று மெல்ல என்னை நீட்டி மடிப்பதுபோல ஒரு சுகம்.

இரண்டு நிமிசத்துக்கு ஒரு தரம் ரிஸ்வான் குனிந்து கேட்பான். "எப்பிடி இரிக்கி காக்கா? நோகுதா? கூட இரிக்கா? கொறைக்கவா?"

அரை மணி நேரம். பதினைந்து தரமாவது கேட்டிருப்பான். கட்டாயம் அவனுக்கு அப்படிக் கேட்கச் சொல்லித்தான் பயிற்சி கொடுத்திருப்பார்கள். இருந்தாலும்... உங்களிடம் கடைசியாக ஒருவர் பதினைந்து தரம் 'எப்படி இருக்கிறாய்' என்று கேட்டது எப்போது? யோசித்துப் பாருங்கள். நான் யோசித்துப் பார்த்தேன். கட்டியிருந்த பெல்ட்டோடு, கூரையைப் பார்த்துக்கொண்டு.

இறங்கியதும் நாரி இலேசாகத்தான் இருந்தது. பின்னேரம் வரைக்கும் இருந்தது அந்தச் சுகம்.

வெளியே மேசையில் இருந்த மனேஜர் விளக்கினார். மொத்தம் இருபது தடவை. கிழமைக்கு மூன்று நாள். எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். சனிக்கிழமைக்குள் கட்டினால் சலுகை.

"எனக்கு இது ஒத்துவருமா?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் ஒத்துவரும்," என்றார். தலையை நிமிர்த்தவே இல்லை.

தொகையைச் சொன்னார். அந்தத் தொகைக்கு என்னிடம் இருக்கிற ஒரே பொருள் என் ஓட்டோ.

இது எப்படி இருக்கிறது பாருங்கள். நாரி சரியில்லாவிட்டால் சிலிண்டர் தூக்க ஏலாது. சிலிண்டர் தூக்காவிட்டால் சோறு இல்லை. நாரியைச் சரியாக்க ஓட்டோவை விற்க வேண்டும். ஓட்டோவை விற்றால் சிலிண்டரைத் தலையில் வைத்துக்கொண்டா போவது? ஆனாலும் நான் விற்கத் தயாராகிவிட்டேன். அன்று பின்னேரமே சொறிக்கல்முனையில் மரக்கறித் தோட்டம் செய்கிற தங்கராசா அண்ணனுக்குப் போன் போட்டேன். ஒரு வருசமாக என் ஓட்டோவைக் கேட்டுக்கொண்டிருப்பவர். சனிக்கிழமை காலையில் வருவதாகச் சொன்னார்.

இடையில் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நிலையத்திலிருந்து நான் ஓட்டோவை எடுக்கும்போது ரிஸ்வான் வாசல் வரைக்கும் வந்தான். மேலே கமராவை ஒருமுறை பார்த்தான், பின்னால் மனேஜரை ஒருமுறை பார்த்தான்.

"காக்கா... காசு கட்ட முந்தி ஆஸ்பத்திரியில ஒருக்கா காட்டுங்களன்."

"ஏன், இந்த மெஷின் கூடாதா?"

"கூடாதெண்டு சொல்லல்ல. சில ஆக்களுக்கு நல்லா கேக்குது. ஆனா ஒங்களுக்கு எதால நோகுது எண்டு இங்க ஒருத்தரும் பாக்கல்லியே."

அது உண்மை. பெயரைக் கேட்டார்கள், நம்பரைக் கேட்டார்கள், எப்போது கட்டுவேன் என்று கேட்டார்கள். எங்கே நோகிறது என்று கேட்கவில்லை.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி. இரண்டு மணி நேரம் வரிசை. டொக்டர் என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருப்பார். தூக்கம் இல்லாத முகம். ஆனால் கேள்வி கேட்டார் பாருங்கள்... பொலிஸும் அப்படிக் கேட்டதில்லை.

நோவு நாரியோடு நிற்கிறதா, காலுக்கு இறங்குகிறதா? கால் விறைக்கிறதா? பெருவிரலை என் கைக்கு எதிராகத் தூக்கு. குதிக்காலில் நட. விழுந்தாயா? காய்ச்சல் இருக்கிறதா? மெலிந்துகொண்டு போகிறாயா? எலும்பு முறிந்திருக்கிறதா, முதுகுக்குள் கம்பி, ஆணி ஏதும் வைத்திருக்கிறதா? ஒன்றுக்குப் போவது கட்டுப்பாட்டில் இருக்கிறதா? தொடைகளுக்கு நடுவில் உணர்ச்சி இருக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க. அந்த இடம் விறைச்சா, இல்லாட்டி மூத்திரம் அடைச்சா, கால் சோர்ந்தா — காலையில பாப்பம் எண்டு இருக்கக் கூடாது. அந்த நிமிசமே இங்க வரணும்."

சின்னச் சுத்தியல் ஒன்றால் முழங்காலில் தட்டினார். கால் துள்ளியது. படுக்க வைத்து ஒவ்வொரு காலாக நீட்டியபடி தூக்கினார். நாரி நொந்தது, கால் நோகவில்லை.

நான் மெஷின் கதையை எடுத்தேன். எல்லாருக்கும் ஒத்துவருமாம் என்றேன்.

"எல்லாருக்கும் ஒத்துவாற சேட்டே உடுப்புக் கடையில இல்ல," என்றார். "டிஸ்க் வெளியே தள்ளி, நரம்ப அழுத்தி, கால் முழுக்க இழுக்கிற சில ஆக்கள் அந்தக் கட்டிலால சுகம் கண்டதாச் சொல்றாங்க. கட்டாயம் சுகமாகும் எண்டு நான் சொல்ல மாட்டன். அந்த அளவுக்கு நிச்சயமா ஒருத்தருக்கும் தெரியாது. எலும்பு தேஞ்ச, முறிஞ்ச ஆக்கள், முதுகுல கம்பி வெச்ச ஆக்கள், கர்ப்பிணிகள் — இவங்கள இழுக்கவே கூடாது. ஒங்களுக்கு நரம்பு அழுத்துற அடையாளம் ஒண்டும் இல்ல. சதையும் மூட்டும் நொந்திருக்கு. இதுக்கு ஓட்டோவ வித்து இழுக்கணுமா?"

"அப்ப படுத்துக் கிடக்கட்டா?"

"படுத்தாத்தான் நோவு கூடும். நடங்க. உடற்பயிற்சி மிஸ்ஸப் போய்ப் பாருங்க. ஆறு கிழமையில கொறையல்ல, இல்ல காலுக்கு இறங்குது எண்டா மறுபடி வாங்க. அப்ப ஸ்கேன் எடுத்துப் பாத்து, அந்தக் கட்டிலப் பத்தியும் கதைப்பம்."

உடற்பயிற்சி மிஸ் பாண்டிருப்பைச் சேர்ந்தவர். கண்ணாடி போட்டவர். நான் பகிடி விட்டால் கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். பகிடி அப்படியே செத்துவிடும்.

"என்ன வேலை தம்பி?"

"காஸ் குடுக்கிற, மிஸ்."

"எப்பிடித் தூக்குவீங்க? செஞ்சு காட்டுங்க."

மூலையில் தண்ணீர் நிரப்பிய ஒரு கேன் இருந்தது. அதைத் தூக்கினேன். முழங்காலை மடித்து, நெஞ்சோடு அணைத்து, சரியாகத்தான் தூக்கினேன். மிஸ்ஸுக்கே ஆச்சரியம். ஏழு வருசத் தொழில் அல்லவா?

"நல்லாத்தான் தூக்குறீங்க. இப்ப வீட்டுக்குள்ள வைங்க. இந்த அறைக் கதவ வீட்டுக் கதவு எண்டு நினைங்க."

வைத்தேன். நான் எப்போதும் வைக்கிற மாதிரி.

மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "திருப்பிச் செய்ங்க."

திருப்பிச் செய்தேன்.

"தம்பி, ஏன் காலை உள்ளுக்கு வைக்கல்ல?"

அப்போதுதான் நான் என்னைப் பார்த்தேன். இரண்டு காலும் படிக்கு வெளியே. ஒரு கை கதவு நிலையில். மற்றக் கையில் கேன். உடம்பை முன்னால் வளைத்து, ஒரு பக்கமாக முறுக்கி, கை எட்டுகிற தூரத்தில் உள்ளே கொண்டுபோய் வைத்திருக்கிறேன். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறவன் மாதிரி நிற்கிறேன்.

"ஆம்பிளை இல்லாத ஊடு மிஸ்," என்றேன்.

"இது ஆஸ்பத்திரி."

"பழகிட்டு மிஸ்."

விளக்கிச் சொன்னேன். நான் போகிற வீடுகளில் பாதியில் ஆண்கள் கட்டாரில், சவூதியில், குவைத்தில். உள்ளே பெண்கள் மட்டும். நான் 'காஸ்' என்று சத்தம் வைப்பேன். அவர்கள் கதவுக்குப் பின்னால் நிற்பார்கள். நான் வாசல் படியைத் தாண்ட மாட்டேன். வெளியில் நின்றபடியே எட்டி உள்ளே வைப்பேன், வெற்றுச் சிலிண்டரை எட்டி எடுப்பேன். ஏழு வருசத்தில் ஒரு வீட்டுக்குள்ளும் கால் வைத்ததில்லை. 'தங்கமான பிள்ளை, தலை நிமிர்ந்தும் பார்க்க மாட்டான்' என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. பத்திரிகையில் எழுதுகிற பெயரைவிட எனக்கு அந்தப் பெயர்தான் பெரிது.

"ஒரு நாளைக்கு எத்தின வீடு?"

"இருவத்தஞ்சு, முப்பது."

மிஸ் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். "மரியாதையிலயும் நாரி முறியும் தம்பி. அந்தக் கட்டில் ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் இழுக்கும். நீங்க மறுநாள் முப்பது தரம் முறுக்குவீங்க. இருவது தடவை இல்ல, இருநூறு தடவை இழுத்தாலும் ஒண்டுதான். ஒண்டில் வாசல்ல இறக்கி வெச்சிட்டு அவங்கள எடுக்கச் சொல்லுங்க. இல்ல, கேட்டுட்டு உள்ள போங்க. எட்டி வைக்கிற வேலை இனி வேணாம்."

மூன்று பயிற்சி சொல்லித் தந்தார். படுத்து முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவருவது ஒன்று. மற்ற இரண்டையும் எழுதினால் நீங்கள் பார்த்துச் செய்வீர்கள். பிறகு உங்கள் நாரிக்கு நான் பொறுப்பாக வேண்டிவரும். உங்களுடைய நோவை உங்களுடைய டொக்டரிடம் காட்டுங்கள்.

இவ்வளவும் கேட்ட பிறகு முடிவெடுப்பது இலேசு என்றுதானே நினைக்கிறீர்கள்?

இல்லை. வெள்ளிக்கிழமை முழுவதும் எனக்கு மனம் அந்தக் கட்டிலிலேயே கிடந்தது. டொக்டர் சொன்னது விளங்கியது. மிஸ் சொன்னதும் விளங்கியது. ஆனாலும் இருபது தடவை... கிழமைக்கு மூன்று நாள்... ஒருவன் என் இடுப்பில் கை வைத்து, பெல்ட்டைக் கட்டி, தலையணையைச் சரிசெய்து, எப்பிடி இரிக்கி என்று கேட்பான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நான் ஓட்டோவை விற்கப் போனது டிஸ்க்குக்காக இல்லை. அந்தக் கேள்விக்காக.

இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு நாள் எடுத்தது. விளங்கியதும் எனக்கே என்னைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது. எந்த வைத்தியத்துக்கும் காசு கட்டுமுன் இதையும் ஒருதரம் கேட்டுப் பாருங்கள் — நோகிறது எது?

சனிக்கிழமை காலை தங்கராசா அண்ணன் வந்தார். ஓட்டோவைச் சுற்றிச் சுற்றி வந்து டயரை மிதித்துப் பார்த்தார்.

"அண்ணன், விக்கல்ல."

"என்ன தம்பி, கல்யாணத்துக்கு நாள் வைச்சிட்டு மாப்பிள்ளை ஓடின மாதிரி?"

"நாரி விசயம் கொஞ்சம் மாறிட்டு."

"அப்ப நான் பஸ் ஏறி வந்தது?"

"தேத்தண்ணி வாங்கித் தாறன்."

"வடையும் வேணும்," என்றார். வடையும் வாங்கிக் கொடுத்து பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டேன். கட்டில் நிலையத்து மனேஜருக்குப் போன் போட்டு, இப்போதைக்கு வரவில்லை என்றேன். "சரி," என்று வைத்துவிட்டார். ஒரு சொல்தான்.

பிறகு வேலைக்குக் கிளம்பினேன். முதல் வீடு பரீதா ராத்தா. காலை ஒன்பது மணி. 'காஸ்' என்று சத்தம் வைத்தேன். கதவுக்குப் பின்னால் நிழல் வந்தது.

"ராத்தா, எனக்கு நாரி சரியில்ல. எட்டி வெக்கேலா. நான் உள்ள வந்து வெக்கட்டா, இல்லாட்டி வாசல்ல வெக்கட்டா?"

நிழல் ஒரு அடி பின்னால் போனது. ஏழு வருசம் சேர்த்த நல்ல பெயர் ஒரு வாக்கியத்தில் போகப் போகிறது என்று நினைத்தேன்.

"மாமி இரிக்காங்க," என்று கடைசியில் குரல் வந்தது. "உள்ள கொணந்து வெய். ஏன், முந்தியே சொல்லிரிக்கலாமே?"

இரண்டாவது வீட்டில் "வாசல்ல வெய், நாங்க உருட்டுறம்" என்றார்கள். மூன்றாவது வீட்டில் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலால், "பொழுதுபட்டு மக்ரிபுக்குப் பொறகு மகன் வருவான், அப்ப கொண்டாங்க" என்றார்கள். கோபமா, வெட்கமா தெரியாது. ஒரு வீட்டு வாடிக்கை போயிருக்கலாம். போகட்டும்... இல்லை, போகட்டும் என்று இலேசாகச் சொல்ல முடியவில்லை. அந்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் போனேன்.

நான்காவது தங்கச்சி வீடு.

'காஸ்' என்று சத்தம் வைத்தேன். சிலிண்டரை இறக்கினேன். பிறகு என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு காலும் படிக்கு வெளியே. ஒரு கை நிலையில். வளைந்து, முறுக்கி...

நாரி 'சுருக்' என்றது. சிலிண்டரை வெளியிலேயே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். தலையை நிமிர்த்தினால் தங்கச்சி நிற்கிறாள். பிள்ளை இடுப்பில். அவளுடைய முகம் நல்லாய் இல்லை.

"பரீதா ராத்தா போன் பண்ணின," என்றாள். "எல்லா ஊட்டுக்குள்ளயும் போறியாம்."

"எல்லா ஊடும் இல்ல. ஒரு ஊடு."

"அங்க போறாய். இங்க மட்டும் வெளிய நிக்கிறாய்."

"பழக்கத்துல..."

"நாலு வருசமா காக்கா. பெருநாளைக்குக் கூட வாசல்ல நிண்டு சாப்பாட்டு சட்டிய வாங்கிட்டுப் போற. நீ கோவத்துல எண்டுதான் நான் நெனச்சிட்டு இருந்த."

"என்ன கோவம்?"

"உம்மா ஊட்ட எனக்கு எழுதினதுக்கு."

எனக்கு வாயில் வழக்கமாக வருகிற பகிடி ஒன்றும் வரவில்லை. "அப்பிடியெண்டா ஏன்டி கேக்கல்ல?" என்றேன்.

"கேட்டு, நீ ஓம் எண்டு சொன்னா?"

பிள்ளை என் முகத்தைப் பார்த்து அழத் தொடங்கியது. அதற்கு நான் யார் என்றே சரியாகத் தெரியாது. வாசலில் நிற்கிற காஸ்காரன்.

கோபம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். அவளுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். "மொத வருசம் கொஞ்சம் இருந்த. மறுகா அது போயிட்டு. நான்தான் உள்ள வர மறந்துட்டன்."

அவள் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். நான் ஓட்டோப் பக்கம் திரும்பினேன்.

"எங்க போறாய்? நாரிக்கு என்ன?"

சொன்னேன். திங்கட்கிழமை, தரை, மூன்று மணி நேரம், பூனை. பூனைக்கு அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"ரெண்டு தெருவுல நான் இரிக்கன்," என்றாள். "ரெண்டு தெரு."

"போன் மேசையில இருந்த..."

"போன் மேசையில இருந்த எண்டா பொறகு எடுத்த தானே? திங்கள் போய், செவ்வாய் போய், இண்டைக்கு சனி."

நான் காலில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தேன்.

பிள்ளையை இறக்கிவிட்டாள். சிலிண்டரின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். "கால ஒதறிட்டு வா, மண்ணு," என்றாள். நான் மறுபக்கத்தைப் பிடித்தேன்.

வாசலிலிருந்து அடுப்படிக்குப் பதினொரு எட்டு. நான் பிறந்து தவழ்ந்த வீடுதான். ஆனாலும் எண்ணிக்கொண்டே நடந்தேன்.

நாரி இன்னும் நோகிறது... ஆனால் அது நோகிறது என்று இப்போது இன்னொருத்திக்கும் தெரியும்.